வாருங்கள், அலையாத்திக் காட்டிற்கு!



விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் எழும் முதற்பேச்சு ஊட்டியா, கொடைக்கானலா என்பதுதான். வசதி படைத்தோர் கோலாலம்பூர் என்பர்; துபை என்பர். ஒருவரும் தவறாகச் சொல்லவில்லை. ஆயினும், நாகப்பட்டினத்திற்குத் தெற்கே கடல் வளைந்து திரும்பும் மூலையில், தமிழகத்தின் மிகப்பெரிய அலையாத்திக் காடு ஒன்று ஓசையின்றிக் கிடக்கிறது என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? அறிந்தவருள்ளும் எத்தனை பேர் கண்டிருக்கிறீர்கள்? அந்தக் காட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் பிறந்து வளர்ந்த நானே என் முப்பத்தெட்டாம் வயதில்தான் அதனை முதன்முதலாகக் கண்டேன். இதனைச் சொல்வதில் எனக்கு வெட்கமே.

முத்துப்பேட்டைக் காட்டையும், அதனைத் தொட்டுக் கிடக்கும் கடற்கரைப் பகுதியையும் உங்களுக்கு அறிமுகம் செய்வதற்கே இக்கட்டுரை. அத்துடன் அங்கே நான் செய்த ஒரு தவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அதனைச் சொல்லாமல் "போய் வாருங்கள்" என்று உங்களை அனுப்ப என் மனம் ஒப்பவில்லை.

முதலில் பெயரைப் பாருங்கள். அலையை ஆற்றுவது அலையாற்றி. அதுவே மக்கள் நாவில் அலையாத்தி ஆயிற்று. எவ்வளவு பொருத்தமான பெயர்! காவிரி தன் பயணத்தை முடிக்கும் தென்கோடி இது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரைக்காக்கோரையாறு எனப் பல கிளைகள் இங்கே வந்து கடலில் கலக்கின்றன. ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும் அந்தச் சேற்று நிலத்தில் ஏறத்தாழ 12,000 எக்டேர் பரப்பில் காடும் காயலும் விரிந்துள்ளன. பிச்சாவரத்தை எல்லோரும் அறிவர். 1975-இல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படம் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது. பரப்பளவில் பிச்சாவரத்தைப் போலப் பத்து மடங்கு பெரிதான முத்துப்பேட்டைக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. ஒருவகையில் அதுவும் நன்மைக்கே என்று எண்ணிக்கொள்கிறேன்.

திருவாரூர் – காரைக்குடி இருப்புப் பாதையில் முத்துப்பேட்டை ஒரு நிலையம். அகலப் பாதைப் பணிக்காக நெடுநாள் மூடிக் கிடந்த இத்தடம் 2019-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஊருக்கு அருகே ஜாம்பவானோடை. ஷெய்கு தாவூது வலியுல்லாஹ் அவர்களின் தர்கா அமைந்த ஊர் என்று சொன்னால் நேயர்கள் உடனே அறிந்துகொள்வீர்கள். கந்தூரிக்காக அங்கே வந்து செல்வோர் ஆயிரக்கணக்கானோர்; அங்கிருந்து படகேறிக் காட்டினுள் செல்வோரோ மிகச் சிலர். வனத்துறையின் அனுமதியை முன்னதாகவே பெற்றாக வேண்டும். குடிநீரும் உணவும் கையோடு கொண்டு செல்ல வேண்டும். உள்ளே ஒரு பெட்டிக்கடை கூடக் கிடையாது.

2023 ஜனவரியில், எங்கள் மதரஸாவின் மாணவர்கள் பதினொருவரையும், உடன் பணியாற்றும் இளம் ஆலிம் ஒருவரையும் அழைத்துக்கொண்டு காலை ஏழரை மணிக்குக் கோரையாற்றில் படகேறினேன். அனைவருக்கும் மிதவைச் சட்டை அணிவித்தோம். படகோட்டி அறுபதைக் கடந்த மீனவப் பெரியவர். பேச்சுக் குறைவு. எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "அஜரத்து, ரெண்டு மணிக்குத் திரும்பிடணும். அதுக்கு மேல தண்ணி நிக்காது" என்று மட்டும் சொன்னார். நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அரை மணி நேரம் சாதாரண ஆறுதான். தென்னந்தோப்பு, இறால் பண்ணை, கரையில் வலை உலர்த்தும் பெண்கள். பிறகு தென்னை குறைகிறது. இரு கரையிலும் ஆளுயரத்திற்குச் சற்று மேலான பசுமரங்கள் நெருங்கி வருகின்றன. சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்தாற்போல் ஆயிரமாயிரம் குச்சிகள் மேல்நோக்கி நிற்கின்றன. அவை குச்சிகள் அல்ல. மரத்தின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை. ஆகவே மூச்சு விடுவதற்கென்றே இம்மரம் வேரை மேல்நோக்கி அனுப்புகிறது. ஓர் இலையைப் பறித்து நாவில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். உறிஞ்சிய நீரிலுள்ள மிகை உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. விதையோ தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிடத் தொடங்கிவிடும். கீழே விழுந்த பின் முளைக்கக் காத்திருந்தால் அலை அடித்துக்கொண்டு போய்விடும் அல்லவா? படைத்தவன் எவ்வளவு நுட்பமாக ஏற்பாடு செய்திருக்கிறான்!

எல்லா இலையையும் நாவில் வைத்துவிடாதீர்கள். இதே காட்டில் தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. படகோட்டி சுட்டிக்காட்டாமல் எதையும் ஒடிக்கக் கூடாது. கழுதைமுள்ளி, உமிரி, நரிக்கண்டல் எனப் பல செடிகளின் பெயர்களை அந்தப் பெரியவர் வாயால்தான் கற்றேன். கல்லூரியில் மூன்றாண்டு வரலாறு பயின்ற எனக்கு, என் மாவட்டத்துச் செடிகளில் நான்கின் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை.

ஓரிடத்தில் காட்டினுள் நேர்க்கோடாக ஒரு வாய்க்கால் ஓடியது. மீனவர்கள் வெட்டியது. பொங்கும் நீரோடு மீனும் இறாலும் இதனுள் ஏறிவரும். நீர் வடியும் வேளையில் வாயில் வலையைக் கட்டிவிட்டால் உள்ளே வந்தவை திரும்ப முடியாது. துரத்திப் பிடிக்கும் உழைப்பு இல்லை; கடலின் கடிகாரத்தை அறிந்திருந்தால் போதும். வனத்துறையினரும் இப்படி வாய்க்கால் வெட்டுகின்றனர். ஆனால் வேறு நோக்கத்திற்கு. ஆங்கிலேயர் காலந்தொட்டு மரங்களை மொத்தமாக வெட்டியதால் நிலம் வெயிலில் காய்ந்து பள்ளமாகி, பள்ளத்தில் தேங்கிய நீர் வற்றி வற்றி உப்பு மிகுந்து, அலையாத்தியே முளைக்காத பொட்டல்கள் உண்டாயின. மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, கடல்நீர் ஏறி இறங்க வழிசெய்து கன்றுகளை நட்ட பிறகே அவ்விடங்கள் மீண்டும் பசுமை கண்டன. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இணைந்து ஊர் மக்களையும் சேர்த்துக்கொண்டு செய்த பணி இது. மரம் நடுவது நற்செயல் என்று மேடையில் முழங்குகிறோம். நீர் ஓட வழி செய்யாமல் நட்ட மரம் நிற்காது என்பதை அங்கேதான் கண்டேன்.

பத்து மணியளவில் காடு விலகியது, காயல் விரிந்தது. என்னுடன் வந்த சிறுவர்களின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கண்ணுக்கெட்டிய தூரம் நீர். ஆனால் அந்நீர் பெரும்பாலான இடங்களில் இடுப்பளவு, சில இடங்களில் முழங்காலளவு. பெரியவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார். தொலைவில் வெண்திட்டாகத் தெரிந்தது மணல் அன்று; பறவைக் கூட்டம். கூழைக்கடாக்கள், நாரைகள், உள்ளான்கள், ஊசிவால் வாத்துகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி வந்து தங்கும் விருந்தினர்கள்.

பறவை என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போக இயலாது. இதே சதுப்பு நிலம் கிழக்கே நீண்டு கோடியக்கரையில் முடிகிறது. வேதாரண்யத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழியே அவ்வூரை அறிந்தவர் பலர். 1967-இல் அங்கே அமைந்த வனவிலங்குச் சரணாலயத்தின் பெருமையை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் மும்பையைச் சேர்ந்த சலீம் அலி. 1896-இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, மாமா அமீருத்தீன் தியாப்ஜி வீட்டில் வளர்ந்த சிறுவர் அவர். விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட சிட்டுக்குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு, "இது என்ன குருவி?" என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்தக் கேள்வியே அவரை நாட்டின் தலைசிறந்த பறவையியல் அறிஞராக்கிற்று. 1987-இல் மறையும்வரை அவர் அக்கேள்வியை விடவில்லை. அவருடைய கழகத்தினர் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டு, அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே செல்கின்றன என்று பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். முத்துப்பேட்டையையும் சேர்த்து இச்சதுப்பு நிலம் முழுவதும் 2002-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நம் பிள்ளைகளுக்கு மட்டைப்பந்து வீரர்கள் அத்தனை பேரையும் தெரியும். சலீம் அலியை எத்தனை பேருக்குத் தெரியும்?

கோடியக்கரையில் வெளிமான் கூட்டத்தையும், காட்டில் திரியும் மட்டக்குதிரைகளையும், கடலோரத்தில் பூநாரைகளையும் காணலாம். 1998-இல் எழுப்பிய உயர்ந்த கலங்கரை விளக்கம் இருக்கிறது. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய விளக்கின் எச்சம் 2004 ஆழிப்பேரலையோடு போயிற்று. போகும் வழியில் தோப்புத்துறை, நம்மவர்கள் நிறைந்த பழைய ஊர். அகத்தியம்பள்ளியில் உப்பு அறப்போர் நினைவுத்தூண் நிற்கிறது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்த இராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுத்துக் கைதான மண் அது. இன்றும் சுற்றிலும் உப்பளம். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை இரயில் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. மேற்கே போனால் அதிராம்பட்டினம், அதற்கப்பால் மல்லிப்பட்டினத்தருகே மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814–15-இல் கட்டிய எட்டடுக்குக் கோபுரம். எங்கோ ஐரோப்பாவில் நடந்த போருக்கு இங்கே ஏன் கோபுரம் என்று மாணவர்கள் கேட்டனர். ஆட்சியைக் கொடுத்துவிட்டு ஓய்வூதியம் பெற்ற மன்னர் வேறென்ன செய்வார் என்றேன். அக்கரையின் கடலில்தான் 2022-இல் நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகம் 448 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் வேறு நாட்களில் பார்த்தேன். ஒரே நாளில் முடித்துவிட எண்ணாதீர்கள்.

இனி அந்த ஜனவரி நாளுக்கு வருவோம்.

லுஹர் வக்து வந்தது. கடல்நீரில் உளூச் செய்யலாமா என்று சிறியவன் ஒருவன் கேட்க, தஹாரத் பாடத்தின் முதற்பக்கத்தை மறந்துவிட்டாயே என்று மற்றவர்கள் சிரித்தனர். சேற்றில் ஓடிய நண்டைக் கண்டு, அதை உண்பது பற்றிய மஸ்அலாவை மற்றொருவன் தொடங்கினான். அந்த விவாதம் படகில் தீரக்கூடியதா? தொழுது, கட்டிச்சோறு உண்டு முடித்தபோது மணி ஒன்றரை. பெரியவர் கழியை எடுத்தார். நானோ, பறவைகளுக்கு இன்னும் சற்று அருகே போகலாம் என்றேன். அங்கே போனதும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. சலீம் அலியைப் பற்றித் தொடங்கினேன். உப்பு அறப்போர் என்றேன். கேட்பதற்குப் பதினொரு பிள்ளைகள் கிடைத்துவிட்டால் ஆசிரியனுக்கு நேரம் தெரியுமா?

"அஜரத்து, தண்ணி வத்துது" என்றார் பெரியவர்.

"பத்து நிமிடம் அண்ணே."

மீண்டும் சொன்னார். மீண்டும் பத்து நிமிடம் கேட்டேன். மூன்றாம் முறை அவர் சொல்லவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புறப்பட்டபோது மணி மூன்றேகால். காயலிலிருந்து ஆற்றுக்குள் நுழையும் இடத்தில் படகின் அடி உரசியது, நின்றது. காலையில் நாங்கள் மிதந்து வந்த இடம் அது. இப்போது கணுக்கால் நீரும் அதன்கீழ் சேறும்.

நானும் இளம் ஆலிமும் இறங்கித் தள்ளினோம். தொடை வரை புதைந்தோம். உதவ எண்ணிக் குதித்த மாணவன் ஒருவனின் பாதத்தைச் சிப்பி ஓடு கிழித்துவிட்டது. பெரியவர் அப்போதுதான் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார்: "யாரும் எறங்காதீங்க! ராத்திரி தண்ணி ஏறுனா படகு தானா கெளம்பும்." தம் தலைத்துண்டைக் கிழித்துச் சிறுவனுக்குக் கட்டுப் போட்டார். கைப்பேசியில் இணைப்பு இல்லை. வாய்க்காலுக்குள் அகப்பட்ட மீன்களின் நிலை எங்களுக்கும் ஆயிற்று.

அஸரையும் மஃரிபையும் படகிலேயே அமர்ந்து தொழுதோம். சூரியன் மறைந்ததும் ஆயிரக்கணக்கான பறவைகள் எங்கள் தலைக்கு மேலே காட்டை நோக்கிப் பறந்தன. அது கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அதைக் காணும் மனநிலை எனக்கு இல்லை. கரையில் காத்திருக்கும் பெற்றோரின் முகங்களே என் கண்முன் நின்றன. நேயர்களே, அவர்கள் எளிதில் அஞ்சுபவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இக்கரையைக் கிழித்துக்கொண்டு சென்றதே, அந்த இரவைக் கண்டவர்கள் அவர்கள். என்னோடு படகில் இருந்தவர்களில் மூன்று பிள்ளைகளின் வீட்டுக் கூரை அன்று பறந்தது.

இருளில் பெரியவர் அந்த இரவைப் பற்றித்தான் பேசினார். புயலுக்குப் பின் காட்டுக்குள் வந்தபோது ஓர் இலை இல்லையாம். தீயில் கருகினாற்போல் நின்றதாம். காடு செத்துவிட்டது என்று அழுதாராம். "அடுத்த வருசம் தளிர் வந்துச்சு தம்பி. எல்லா எடத்துலயும் வரல. வந்த எடத்துல வந்துச்சு" என்றார். 2004 பேரலையிலிருந்து ஊரைக் காப்பாற்றியது இக்காடுதானா என்று ஒருவன் கேட்டான். காடும் காத்தது, பாக் நீரிணைக்குள் ஒதுங்கிய இடம் என்பதும் காத்தது என்று நான் சொன்னேன். அன்று நான் பேசியவற்றுள் சுருக்கமானது அதுதான்.

ஏழரை மணிக்குப் படகு அசைந்தது. ஒன்பதரைக்குக் கரை சேர்ந்தோம். கரையில் முப்பது பேருக்கு மேல் விளக்குகளோடு நின்றனர். ஒரு தாய் மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். விடுப்பில் சவூதியிலிருந்து வந்திருந்த தந்தை ஒருவர் என்னிடம் ஒரு சொல்லும் பேசாமல், மகனின் கையைப் பற்றிக்கொண்டு நடந்துவிட்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். யாரோ படகோட்டியைக் குறை சொல்லத் தொடங்கினர். நான் தடுத்து, பிழை முழுவதும் என்னுடையது, அவர் மூன்று முறை எச்சரித்தார் என்றேன். பெரியவர் பேசிய கூலிக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. கிழிந்த துண்டுக்குப் பதிலாக நான் வாங்கித் தந்த துண்டை மட்டும் பெற்றுக்கொண்டார்.

அடுத்த வாரமே நிர்வாகக் குழு கூடி, மாணவர்களை ஊருக்கு வெளியே அழைத்துச் செல்லக் கூடாது என்று முடிவு செய்தது. அந்த முடிவைக் குறை கூற எனக்கு வாயில்லை. ஆனால் அதன் விளைவு என்ன தெரியுமா? எனக்குப் பின்வரும் மாணவர்களும் முப்பத்தெட்டு வயதில்தான் அக்காட்டைக் காண்பார்கள்; அதுவும் கண்டால்! பாதம் கிழிந்த மாணவன், காயம் ஆறும் முன்பே, "ஹஜ்ரத், கோடியக்கரைக்கு எப்போது?" என்று கேட்டவன், படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டான்.

குடும்பத்தோடு நீங்கள் செல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. பறவைகளுக்கு டிசம்பரும் ஜனவரியும் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழைப் புயல் எச்சரிக்கை இருக்கும் நாட்களில் வேண்டாம். பெண்களும் முதியோரும் படகேறுவதற்குத் தாழ்வான துறையை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை உடை வேண்டாம், சேறு போகாது. நெகிழிப் பையைக் காட்டில் விட்டு வராதீர்கள். நீர் ஏறி இறங்கும் நேரத்தை முந்தின நாளே மீனவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் நிர்வாகக் குழுவுக்கு நான் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று கூட்டங்களில் அது "அடுத்த கூட்டத்திற்கு" என்று தள்ளி வைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கூட்டத்திற்கும் முன்னர் அதில் ஒரு நிபந்தனையைச் சேர்த்து வருகிறேன்: பெற்றோரில் இருவர் உடன் வர வேண்டும், பத்துப் பேருக்கு மேல் கூடாது, நண்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும். சென்ற வாரம் சேர்த்தது இது: திரும்பும் நேரத்தை முடிவு செய்பவர் படகோட்டி, ஆசிரியர் அல்லர்.